மாணவருக்கு ஒரு வழித்துணை



கல்லூரியில் சேர்வது வேறு. கல்லூரிக் காலத்தில் ஒரு வழிகாட்டியை அடைவது வேறு. முன்னதற்கு மதிப்பெண் போதும். பின்னதற்கு நாமே முன்சென்று நாடும் மனம் வேண்டும். இந்நாளில் பல பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் வழிகாட்டித் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. ஆசிரியர் ஒருவரிடமோ, மூத்த மாணவர் ஒருவரிடமோ, முன்னர் அங்கே பயின்று இப்போது ஒரு தொழிலில் இருப்பவரிடமோ சில மாணவரை ஒப்படைத்து, அவர்கள் அவ்வப்போது கண்டு பேசுமாறு செய்வதே அத்திட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டு வகுத்த புகுமுகப் பயிற்சி நெறியிலும் இதற்கு இடம் தரப்பட்டது. "இதனால் எனக்கு என்ன பயன்?" என்று கேட்கும் மாணவருக்கு, நம் நாட்டு வரலாற்றிலிருந்தே விடை கூற விரும்புகிறேன்.

எங்கள் தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். மரத்தின் நார் எப்பக்கம் ஓடுகிறது, உளியை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பனவற்றை இங்குள்ள இளைஞர் நூலைப் படித்து அறிவதில்லை. கைதேர்ந்த சிற்பியின் அருகே அமர்ந்து அறிகின்றனர். கைத்தொழிலுக்குரிய இவ்வுண்மை கல்விக்கும் உரியது. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை அதற்குத் தலைசிறந்த சான்று.

1855ஆம் ஆண்டு பிறந்த சாமிநாதையர், தமிழ் கற்கும் வேட்கையால் இளமையிலேயே ஆசிரியர் பலரை நாடினார். 1871ஆம் ஆண்டு, பதினேழாம் பிராயத்தில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். பிள்ளை பொருள் கருதிப் பாடம் சொன்னவர் அல்லர்; சமய வேறுபாடும் பாராதவர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் புதுச்சேரிச் சவராயலு நாயகரும் அவரிடம் கற்றவர்களே. 1876 பிப்ரவரியில் ஆசிரியர் மறையும் வரை சாமிநாதையர் அவரிடம் பயின்றார். பாடம் மட்டுமா பெற்றார்? ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்லத் தம் கையால் ஏட்டில் எழுதி, கவிதை பிறக்கும் விதத்தைக் கண்ணெதிரே கண்டார். அருகிருந்து கற்றலின் முதற்பயன் இது.

பிள்ளையின் மூத்த மாணாக்கர் தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். 1880ஆம் ஆண்டு தாம் ஓய்வு பெறுங்கால், அவ்விடத்துக்குச் சாமிநாதையரே தக்கவர் என்று பரிந்துரைத்து, அதனை நிறைவேற்றியும் வைத்தார். இளையோரின் தகுதியை உலகம் அறியுமுன் தாம் அறிந்து, வாயிலைத் திறந்துவிடுதல் மூத்தோர் செய்யத்தக்க உதவி. பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கு ஐயர் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். நன்றி மறவாமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் சேலத்தின் பங்கைக் கூறுகிறேன். அதே 1880ஆம் ஆண்டு, அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் காணச் சென்றார். என்னென்ன நூல்களைக் கற்றீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியக்கவில்லை; அவற்றால் பயன் என்ன என்று கேட்டார். பின்னர்ச் சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டோ என்றும் கேட்டார். ஐயர் அவற்றைப் படித்திருக்கவில்லை.

இவ்விடத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். ஐயருக்கு வயது 25, கல்லூரி ஆசிரியர். கேட்டவரோ தமிழாசிரியர் அல்லர், நீதிமன்றத்தில் பணிபுரிபவர், வயதிலும் சில ஆண்டுகளே மூத்தவர். சினந்து திரும்பியிருந்தால் குறை கூறுவார் எவருமிலர். ஐயர் சினக்கவில்லை, நூல் கிடைத்தால் கற்பதாகக் கூறினார். முதலியாரிடமிருந்து சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி அவர் கைக்கு வந்தது. சமணக் கருத்துகள் விளங்காதவிடத்து, கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களை அணுகித் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாய் வெளிவந்தன.

மகாவித்துவான் கல்விக் கடல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஐயரின் வாழ்வைத் திருப்பிய அக்கேள்வி வகுப்புக்கு வெளியிலிருந்தே வந்தது. எவ்வளவு பெரிய ஆசிரியரிடமும் எல்லாம் கிடைத்துவிடுவதில்லை. நாம் கற்றதன் எல்லையை நமக்குக் காட்ட மற்றொருவர் வேண்டும். வழிகாட்டியின் தலையாய பயன் இதுவே என்பது என் துணிபு.

அதே கும்பகோணம் கல்லூரியில் 1904இல் சேர்ந்தவர் கணிதமேதை இராமானுஜன். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் உதவித்தொகையை இழந்தார், அங்கே பட்டமும் பெற்றாரில்லை. பேரறிவுடையோரும் கல்லூரியில் தவறி வீழ்வதுண்டு என்பதை அறிக. பின்னர் இராமசுவாமி ஐயர், இராமச்சந்திர ராவ் முதலியோர் அவரைத் தாங்கினர். 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபடியே, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதினார். 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். ஹார்டி அவரைத் தேடி வரவில்லை. அவரே ஹார்டியை நாடினார்.

ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் நெடுநாள் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கொல்லிமலை அடிவாரத்திலிருந்தும் பச்சைமலைச் சாரலிலிருந்தும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி செல்லும் பிள்ளைகள் பலர். பள்ளியில் துணிவோடு விடை கூறியவர் கல்லூரியில் வாய்மூடி அமர்கின்றனர். எதைக் கேட்பது, யாரைக் கேட்பது என்று அறியாமலே ஓராண்டு கழிகிறது. சிலர் பாதியில் படிப்பையே விட்டுவிடுகின்றனர். இவர்களுக்கு வழிகாட்டித் திட்டம் அலங்காரம் அன்று. ஆற்றைக் கடக்கும் ஓடம்.

ஆகவே, மாணவர்களே, உங்கள் கல்லூரியில் அத்திட்டம் இருப்பின் முதலாண்டிலேயே சேருங்கள். பெயரைப் பதிந்து கையொப்பமிடுவதோடு நின்றுவிடாதீர்கள். செல்லும்போது ஒரு கேள்வியோடு செல்லுங்கள். அவர் மறுகேள்வி கேட்டால் மனம் சுருங்காதீர்கள். உங்களுக்காகத் தேர்வெழுதுபவர் அல்லர் அவர், உழைப்பு உங்களுடையதே. மூன்றாமாண்டை எட்டியபின், புதிதாக வந்து வாயிலில் தயங்கி நிற்கும் மாணவர் ஒருவருக்கு நீங்களே வழித்துணை ஆகுங்கள்.