ஹாஜி அலி பாறையும் ஆச்சி வீட்டு மதில் சுவரும்

செம்பூருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் மும்பைக் கடலைப் பற்றி யாராவது கேட்டால் ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறேன்: "அது கடலாய்யா? சாக்கடை. கடல்னா எங்க தூத்துக்குடி." ஊரை விட்டு வந்தவனுக்கு இந்த அலட்டல்கூட இல்லாவிட்டால் எப்படி :-)

2018 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அலட்டலுக்கு வேட்டு வைத்தது என் மகள். அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளித் தோழி ஒருத்தி சொன்னாளாம், ஹாஜி அலி பக்கத்தில் நீர் வடியும்போது பாறைகளுக்கு நடுவே கூட்டிப் போய் உயிரினங்களைக் காட்டுகிறார்கள் என்று. காசு கிடையாது. தங்கமணி கண்டிப்பாக வர மாட்டேன் என்றாள் (ஞாயிறு காலை, மாட்டுங்காவில் இட்லி வாங்கி வந்தால் போதும் என்றும் சொன்னாள்). ஆக அப்பாவும் மகளும் மட்டும் டாக்சி பிடித்துப் போனோம்.

கூட்டிப் போனவர்கள் 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்ற குழுவினர். 2017-ல் பிரதீப் பாதாடே, அபிஷேக் ஜமாலாபாத், சித்தார்த் சக்ரவர்த்தி ஆகியோர் தொடங்கியது. அன்றைக்கு எங்களோடு வந்த தன்னார்வலர் ஒரு கல்லூரி மாணவி. இரண்டே இரண்டு விதிகள்: கையால் தொடாதே, கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வை. அப்புறம் குனிந்தோம். பாறை மேல் பச்சையாகக் கம்பளம் விரித்த மாதிரி ஒன்று. பாசி என்று நினைத்து மிதிக்கப் போனேன். "அங்கிள், அங்கிள்! அது உயிர்" என்று அந்தப் பெண் தடுத்தாள். ஸோயாந்திட் என்று பெயராம், பவளத்துக்கு ஒன்று விட்ட தங்கை மாதிரி. கடல் தாமரை, துறவி நண்டு, கட்டை விரல் அளவில் ஓடில்லாத நத்தை, கடற்பஞ்சு. பின்னால் பஸ் ஹாரன், முன்னால் தர்கா, காலுக்குக் கீழே இவ்வளவும்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். நம் பக்கம் இதெல்லாம் இல்லையா? இருக்கிறது, இதைவிட அதிகமாகவே. ஆனால் கரையில் நின்று பார்க்க முடியாது. எங்க ஊரில் 'ஏத்தம், வத்தம்' என்போம், மராத்தியில் 'பர்தி, ஓஹோட்டி' என்கிறார்கள். தூத்துக்குடியில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஐந்து மீட்டர் வரை போகும். அதாவது மாசத்தில் சில நாள் கடலே திரையை விலக்கிக் காட்டுகிறது, செருப்போடு நடந்து போய்ப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் படகும் முக்குளிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

அதனால் நம் ஊரில் கடலுக்குள் இருப்பது முதலில் சங்கு குளிப்பவர்களுக்குத் தெரிந்தது, அப்புறம் ஆராய்ச்சியாளர்களுக்கு. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் ராமேஸ்வரம் தீவையும் மன்னார் வளைகுடா உயிரினங்களையும் பற்றி 1895-ல் ஒரு வெளியீடு போட்டார். ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பட்டியல் போட்டு 1927-ல் அதே அருங்காட்சியகம் வெளியிட்டது. விலங்கியல் படித்த உங்கள் அத்தையையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள். பலானோகிளாசஸ் என்ற புழு மாதிரிப் பிராணியைத் தேடி அந்தத் தீவுக்குப் போன கதையைக் கண் விரியச் சொல்வார்கள். பி.காம். படித்த எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்களை அழைத்துப் போனது உப்பளக் கணக்கு பார்க்கத்தான்.

பொதுஜனத்துக்குக் காட்டுகிற முயற்சியும் இருந்தது. சென்னை மெரினாவில் 1909-ல் கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள், அருங்காட்சியகத்தின் பொறுப்பில். இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. மும்பை மரைன் டிரைவில் தாராபோரேவாலா மீன்காட்சியகம் 1951-ல் வந்தது, திறந்து வைத்தவர் ராஜேந்திர பிரசாத். ஊரிலிருந்து யார் வந்தாலும் கேட்வே, தொங்கும் தோட்டம், அப்புறம் இது என்று கூட்டிப் போவோமே, அதேதான். 2015-ல் புதுப்பித்தார்கள். கொரோனாவுக்குப் பின் கட்டிடத்தின் நிலைமையைக் காரணம் காட்டி மூடிவிட்டார்கள். எதுவானாலும் கண்ணாடிக்குள் இருக்கிற மீன் கண்ணாடிக்குள் இருக்கிற மீன்தான். வீட்டுக்கு எதிரில் இருக்கிற பாறையில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

எனக்கு மனசு உறுத்துகிற இடம் இனிமேல்தான்.

மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கி, பிறகு ரொம்ப வருஷம் மண்டபத்தில் இருந்தது. 1971-ல் கொச்சிக்குப் போனது. அந்த மண்டபத்தில் 1969 ஜனவரியில் பவளப்பாறைகளுக்காகவே ஒரு கருத்தரங்கு நடந்தது. கட்டுரைகள் 1972-ல் புத்தகமாக வந்தன. அதில் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் எங்கெங்கே இருக்கின்றன, எப்படி வெட்டி எடுக்கப்படுகின்றன என்றே மகாதேவனும் நாகப்பன் நாயரும் எழுதியிருக்கிறார்கள். ஆக, விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆங்கிலத்தில், தடி புத்தகத்தில், அலமாரியில்.

அதே வருஷங்களில் தூத்துக்குடிக் கரையில் வள்ளம் வள்ளமாகக் கடல் கல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் காளவாய்க்கு, ஆலைகளுக்கு, வீடு கட்ட. எங்க ஆச்சி வீட்டு மதில் சுவர் அந்தக் கல்தான். நான் அதில் ஏறி உட்கார்ந்து மாங்காய் தின்றிருக்கிறேன். கல்லில் சின்னச் சின்ன நட்சத்திரமாகக் குழிகள் இருக்கும், முழங்காலைச் சிராய்க்கும். அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று வீட்டில், பள்ளியில், தெருவில் ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தாத்தா வேறு கல் வாங்கியிருப்பாரா? தெரியாது, விலை மலிவு. ஆனால் சொல்லவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகளை 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளங்களை 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. அதற்குப் பிறகுதான் கல் வெட்டுவது அடங்கியது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறையை எடுத்துவிட்டால் மணல் எத்தனை நாள் நிற்கும்?

மும்பையில் கதை கொஞ்சம் வேறு மாதிரி போனது. நாங்கள் நடந்த அதே வருஷக் கடைசியில் கடலோரச் சாலை வேலை ஆரம்பித்துவிட்டது. மரைன் டிரைவிலிருந்து வோர்லி வரை பத்தரைக் கிலோமீட்டர், அதில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து. வோர்லி கோலிவாடா மீனவர்கள் உட்படப் பலர் வழக்குப் போட்டார்கள். 2019 ஜூலை 16 அன்று உயர் நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதியை ரத்து செய்தது. டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. வேலை தொடர்ந்தது. ஆனாலும் அட்டவணையில் இருக்கிற உயிர் ஆயிற்றே, சும்மா மண்ணைக் கொட்ட முடியாது. தேசியக் கடலியல் நிறுவனத்தை வைத்து ஹாஜி அலியிலும் வோர்லியிலும் ஆய்வு செய்து, 2020 நவம்பரில் 18 பவளக் கூட்டங்களைப் பெயர்த்து வேறு இடங்களில் வைத்தார்கள். 2024 மார்ச்சில் சாலையின் முதல் பகுதியில் கார் ஓடியது.

பதினெட்டு! இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வங்கிக்காரன் கண்ணுக்கு அது வேறு மாதிரியும் தெரிகிறது. புத்தகத்தில் ஏறாத சொத்து காணாமல் போனால் யாரும் புகார் கொடுக்க முடியாது. ஆச்சி வீட்டுச் சுவருக்குப் போனது எத்தனை என்று இன்றைக்கு யாருமே எண்ணிச் சொல்ல முடியாது. இங்கே பதினெட்டு என்று ஒரு எண்ணாவது காகிதத்தில் இருக்கிறது. சாலையில் நானும் போகிறேன், நேரம் மிச்சமாகிறது, மறுக்கவில்லை. ஹாஜி அலி வரும்போது மட்டும் மகள் ஜன்னலை இறக்குவாள்.

அவள் இப்போது கல்லூரியில். (கணக்குப் பாடம் எடுக்கவில்லை, அது தனிச் சோகம்.) போன கோடையில் ஊருக்குப் போயிருந்தோம். ஆச்சி வீட்டில் இப்போது மாமா இருக்கிறார். மதில் சுவர் உதிர்கிறது என்று சிமெண்ட் பூச ஆள் வைத்திருந்தார். இவள் போய் சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "அப்பா, இங்க ஒரு வகை, இங்க வேற வகை" என்று போட்டோ எடுக்க ஆரம்பித்தாள். அத்தை காபியோடு வந்து நின்றாள். கொத்தனார் கரண்டியோடு நின்றார். "எலே, உம் மகளுக்கு என்னல ஆச்சு?" என்றார் மாமா.

அவள் தாத்தாவுக்குச் சொல்வது போல மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். மாமா ஒன்றும் பேசவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார், அவரும் அந்தச் சுவரில் சிராய்த்தவர்தானே.

முழுச் சுவரையும் பூசியாகிவிட்டது, மாமரத்தை ஒட்டி ஒரு கெஜம் மட்டும் பாக்கி. எப்ப முடிக்கலாம் என்று கொத்தனார் வாரா வாரம் கேட்கிறாராம். இருக்கட்டும்யா பாப்போம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாராம் மாமா.