விசுவகர்மன் கட்டாத நகரம்

பாங்காக் என்ற பெயரைத் தாய்லாந்து மக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது வழங்குவதில்லை. அது வெளியாருக்கான பெயர். அவர்களுக்கு அந்த ஊர் ‘குருங் தேப்’, அதாவது தேவர்களின் நகரம். அதுவும் சுருக்கப் பெயர்தான். முழுப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் 168 எழுத்துகள் வரும். உலகின் மிக நீளமான இடப்பெயர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. வடமொழியும் பாலியும் கலந்த அப்பெயரை நிதானமாகச் சொல்லக் கேட்டால் தமிழ்க் காதுக்குப் பாதி விளங்கிவிடும். மகாநகர், அமர ரத்தினம், மகேந்திரன், அயோத்தி, ராஜதானி என்று தெரிந்த சொற்களாக வந்துகொண்டிருக்கும். இறுதியில், இந்திரன் அளிக்க விசுவகர்மன் கட்டிய நகரம் என்று அந்த நெடும்பெயர் முடியும்.

உண்மையில் கட்டியவர்கள் யார் என்பதை அந்நாட்டு அரச வரலாற்றேடுகளே வேறுவிதமாகச் சொல்கின்றன.

1767இல் பர்மியப் படை அயுத்தயாவை எரித்து அழித்தது. நானூறு ஆண்டுக்கால சயாமின் தலைநகர் அது. எஞ்சியவர்களைத் திரட்டிய தாக்சின், சாவோ பிரயா ஆற்றின் மேற்கரையில் தோன்புரியைத் தலைநகராக்கி 15 ஆண்டுகள் ஆண்டார். அவரை வீழ்த்தி 1782இல் அரியணை ஏறிய முதலாம் ராமா, பாதுகாப்புக் கருதித் தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். தேர்ந்தெடுத்த இடத்தில் சீன வணிகர்கள் குடியிருந்தார்கள். மதிலுக்கு வெளியே, தெற்கே இருந்த சம்பெங் பகுதிக்கு அவர்கள் பெயர்க்கப்பட்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் இரவுணவு தேடி மொய்க்கும் சீனர் பேட்டை அப்படிப் பிறந்ததுதான். அயுத்தயாவின் இடிந்த மதில்களிலிருந்து செங்கற்களைப் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நகரைச் சுற்றிய அகழியைத் தோண்டக் கம்போடியாவிலிருந்து கெமர் மக்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர். மதிலுக்கு அடித்தளமிட வியந்தியான் பக்கத்து லாவோ மக்கள்.

இதை ஓர் அரசனின் கொடுமை என்று மட்டும் பார்த்தால் அந்த நிலப்பகுதியின் வரலாறு பிடிபடாது. அக்காலத் தென்கிழக்காசியாவில் நிலம் ஏராளம், ஆள்தான் குறைவு. எனவே போரின் நோக்கம் நிலத்தைப் பிடிப்பதைவிட ஆட்களைப் பிடிப்பதாகவே இருந்தது. வென்ற அரசன் ஊர் ஊராகக் குடிகளைப் பெயர்த்துத் தன் தலைநகரைச் சுற்றிக் குடியேற்றினான். அயுத்தயாவிலிருந்து பர்மியரும் அவ்வாறே பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள்.

தெய்வத்துக்கும் இந்த விதி பொருந்தியது. பாங்காக்குக்கு வரும் எவரும் தவறவிடாத மரகத புத்தர், முதலாம் ராமா இன்னும் தளபதியாக இருந்தபோது வியந்தியானை வென்று எடுத்துவந்தவர். மரகதம் என்று பெயரே தவிர, உண்மையில் பச்சை மணிக்கல்லில் செதுக்கிய, 66 செ.மீ. உயரமே உள்ள சிறு உருவம். ஆண்டுக்கு மூன்று முறை, பருவம் மாறும்போது, மன்னரே அதற்கு ஆடை மாற்றுவது மரபு. அது முன்பிருந்த ஆலயம் வியந்தியானில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கேயும் பயணிகள் சீட்டு வாங்கி உள்ளே போய், புத்தர் இல்லாத பீடத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நகரின் நெரிசலைத் தவிர்க்க விரும்புவோர்க்கு இன்றும் கைகொடுப்பது சேன் சேப் கால்வாய். விசைப்படகு போகும் வேகத்தில் கருநீர் மேலே தெறிக்காமலிருக்கப் பயணிகளே பக்கத்துத் திரையைக் கயிறிழுத்து உயர்த்திக்கொள்ள வேண்டும். மூன்றாம் ராமா காலத்தில், கம்போடியாவுக்காக வியட்நாமியரோடு நடந்த போரில் படைகளைக் கிழக்கே அனுப்ப, 1837 முதல் 1840 வரை வெட்டிய கால்வாய் அது. வெட்டியவர்களில் தெற்கே பட்டாணியிலிருந்து சிறைப்பிடித்து வந்த மலாய் முஸ்லிம்களும் இருந்தனர். கரையோரத்தில் ஆங்காங்கே தெரியும் பள்ளிவாசல்களுக்குக் காரணம் இதுதான். பான் குருவா என்ற இடத்தில் சாம் முஸ்லிம்களின் சேரி ஒன்றுண்டு, பட்டு நெசவாளர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கரான ஜிம் தாம்சன் தாய்ப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது இவர்களுடைய தறிகளிலிருந்துதான். அவர் 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போய்த் திரும்பவேயில்லை. கால்வாயின் மறுகரையில் அவருடைய தேக்கு வீட்டைப் பார்க்கக் கூட்டம் வரிசையில் நிற்கிறது. பாலத்தைக் கடந்து நெசவாளர் தெருவுக்குள் வருபவர் மிகச் சிலரே.

வற்புறுத்தலின்றி வந்தவர்களும் உண்டு. அரண்மனைச் சடங்குகளை நடத்தும் பிராமணர்கள் கடல்வழியே தீபகற்பத்தின் தென்பகுதிக்கு வந்து, அங்கிருந்து தலைநகரை அடைந்தவர்களின் வழியினர். அவர்கள் மார்கழி–தை ஒட்டி நடத்தும் விழாவின் பெயர் ‘திரியெம்பாவாய்’. திருவெம்பாவை எப்படி அங்கே போய்ச்சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தமிழ் என்று அறியாமலேயே தலைமுறைகளாக ஓதப்பட்டு வந்தது என்பதுதான் என்னை வியக்கவைக்கும் செய்தி. அவ்விழாவில் ஊஞ்சலாடும் சடங்கு விபத்துகளால் 1935இல் நிறுத்தப்பட்டது. வாட் சுதாத் முன்பு சிவந்த மாபெரும் ஊஞ்சற்கால்கள் மட்டும், ஊஞ்சல் இல்லாமல், படமெடுப்பவர்களுக்காக நிற்கின்றன.

இனிச் சுற்றுலா. 1960இல் அரசு சுற்றுலாவுக்கென்று ஓர் அமைப்பை உருவாக்கியது. ஆனால் அதைத் தொழிலாக வளர்த்தது வியட்நாம் போர். 1967இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வு நாட்களைக் கழிக்கத் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பாங்காக்கின் விடுதிகளும் மதுக்கூடங்களும் பெருகின. தென்கிழக்கே கடற்கரையில் மீனவச் சிற்றூராக இருந்த பட்டாயா இன்றைய பட்டாயா ஆனது. போர் முடிந்து சிப்பாய்கள் போனபின், கட்டிவைத்த அறைகளுக்கு வேறு விருந்தினர் வேண்டியிருந்தது. 1987ஐத் தாய்லாந்து செல்லும் ஆண்டு என்று அறிவித்து உலகை அழைத்தார்கள். 2019இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 4 கோடிப் பேர். பெருந்தொற்றில் எல்லாம் நின்றது. மறுபடி 2024இல் மூன்றரைக் கோடியைத் தாண்டினார்கள். இந்த விருந்தோம்பலுக்கான அடுக்குமாடிகளை எழுப்புபவர்களில் பெரும்பகுதியினர் மியான்மரிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் லாவோசிலிருந்தும் வருபவர்கள். 2025 மார்ச்சில் மியான்மர் நிலநடுக்கத்தின் அதிர்வில் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அரசுக் கட்டடம் ஒன்று சரிந்து ஏறத்தாழ 90 பேர் புதையுண்டனர். அகழி தோண்டியவர்களின் ஊர்களிலிருந்து இன்னும் ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது வறுமை கொண்டுவருகிறது.

பாங்காக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பத்தக்க இடங்களில் முதன்மையானது, மேற்கே சுமார் 130 கி.மீ. தொலைவிலுள்ள காஞ்சனபுரி. ‘குவாய்’ ஆற்றுப் பாலம் அங்கே இருக்கிறது. இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவலில் பாலத்தைக் குவாய் ஆற்றின்மேல் வைத்தார். ரயில் பாதை அந்த ஆற்றை ஒட்டிப் போவது உண்மை. பாலம் நின்றதோ மே குலோங் ஆற்றில். 1957இல் அது திரைப்படமாயிற்று. படப்பிடிப்பு நடந்தது இலங்கையின் கித்துல்கலையில். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் ஆறு எங்கே என்று கேட்கத் தொடங்கவே, 1960இல் மே குலோங்கின் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். பயணியின் பொருட்டு ஆற்றின் பெயரையே மாற்றிய ஊர் வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பாதையின் நீளம் 415 கி.மீ. ஜப்பானியப் படை பர்மாவுக்குத் தளவாடம் அனுப்ப 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். படத்தின் வழியே உலகம் அறிந்தது இவர்களை. இவர்களைப்போல் மூன்று மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் மாண்டவர் ஏறத்தாழ 90,000 என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். போர் வந்து ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் கூலியும் அரிசியும் இல்லாத நேரம். நாளுக்கு ஒரு டாலர் கூலி, சில மாத வேலை என்றார்கள். நம்பிப் போனவர்கள் திரும்பாததால் ஆள் கிடைக்காமற்போனபோது வளைத்துப் பிடித்தார்கள். கைதிகளுக்குத் தம் படை மருத்துவர்கள் இருந்தார்கள். காய்ச்சிய நீரையே குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து மனைவி மக்களோடு வந்தவனுக்கு எவரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது இந்த வேற்றுமை முகாம் முகாமாகத் தெரிந்தது.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 போர்க்கைதிகள் வரிசையாகத் துயில்கிறார்கள். சீராகக் கத்தரித்த புல், ஒவ்வொரு தலைமாட்டிலும் கல், பூஞ்செடி. தமிழர்களுக்கு அப்படி ஓரிடம் இல்லை. 1990இல் அவ்வூருக்கு அருகே நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று மட்டுமே சொல்ல முடிந்தது.

தமிழில் இதைப் பதிவுசெய்தவர்கள் மலேசிய எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய இரு நாவல்களும் நம் வாசிப்புப் பட்டியல்களில் ஏனோ வருவதில்லை. 2023 மே மாதம் காஞ்சனபுரியின் பௌத்த விகாரை ஒன்றில், தாய்லாந்துத் தமிழர்களும் மலேசியத் தமிழர்களும் முயன்று, மாண்ட தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். தமிழ்நாடு அரசும் பொருளுதவி செய்தது.

தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் ரயில் அந்தப் பாலத்தின்மேல் ஊர்ந்து போகிறது. பாலத்தில் நிற்பவர்கள் ஓரத்திலுள்ள சிறு மேடைகளில் ஒதுங்கிக்கொண்டு படமெடுக்கிறார்கள்; உள்ளே இருப்பவர்கள் சன்னல் வழியாகக் கையசைக்கிறார்கள். பாலத்தின் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் நேராக இருக்கும் இரண்டு மட்டும், 1945இல் குண்டுவீச்சில் தகர்ந்தவற்றுக்குப் பதிலாகப் பின்னர் வைத்தவை. வழிகாட்டி அதைத் தவறாமல் சுட்டிக்காட்டுவார். நடுகல் இருக்கும் விகாரைக்கு நாம்தான் வழி கேட்டுப் போகவேண்டும்.