உழவு இயந்திரத்துக்கு யார் பொறுப்பு?

விக்டோரியாவின் டண்டினொங்கில் முன்பு வேலை செய்தவர்களிடம் கேட்டால் மூன்று பெயர்களைச் சொல்வார்கள். 1952இல் இன்டர்நஷனல் ஹார்வெஸ்டர், 1955இல் ஹைன்ஸ், 1956இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஹோல்டன். லொறி, டின் உணவு, கார். பிரின்சஸ் நெடுஞ்சாலை ஓரமாக அடுத்தடுத்து எழும்பிய இந்த மூன்று தொழிற்சாலைகளும்தான், 1866இலிருந்து மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊரைக் கைத்தொழில் நகரமாக மாற்றின. ஹோல்டன் தொழிலாளர்களுக்கென்று தனி ரயில் நிலையமே இருந்தது. தொழிற்சாலை நின்றுபோன பிறகும் 2002 வரை அந்த நிலையம் இருந்தது.

இவற்றில் முதலாவதோடுதான் என் தொழிலுக்கு உறவு. டண்டினொங் தெற்கில், உழவு இயந்திரம் விற்கும் ஒரு கடையில், உத்தரவாதக் கோரிக்கைகளைப் பார்க்கும் மேசை என்னுடையது. புது இயந்திரம் பழுதுபட்டால் வாங்கியவர் என்னிடம் வருவார். நான் உற்பத்தியாளருக்கோ, இங்கே அவர்களுக்காக இறக்குமதி செய்பவருக்கோ எழுதுவேன். பணம் கொடுத்தவருக்கும் இயந்திரத்தைச் செய்தவருக்கும் நடுவில் இருக்கிற கதிரை அது. அந்தக் கதிரையில் இருந்துதான் இந்த ஊரின் பழைய கதையை நான் பார்க்கிறேன்.

இன்டர்நஷனல் ஹார்வெஸ்டர் டண்டினொங்கில் லொறிகளைச் செய்தது. உழவு இயந்திரங்களும் அறுவடைக் கருவிகளும் ஜீலோங்கில் இருந்த அதன் தொழிற்சாலையிலிருந்து வந்தன. இரண்டுக்கும் இடையில் நூறு கிலோமீட்டரளவு தூரம். கிப்ஸ்லாண்டில் பால்மாடு வைத்திருந்தவரோ, கூ வீ ரப்பில் வடிகால் வெட்டி மீட்ட சதுப்பு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டவரோ ஒரு சிவப்பு இயந்திரத்தை வாங்கினால், அதைப் பொருத்திய தொழிற்சாலை அதே மாநிலத்தில் இருந்தது. முகவரால் தீர்க்க முடியாததைக் கம்பனிக்காரர் வந்து பார்க்கலாம். பழுதான பாகம் ஒரே நாளில் அதைச் செய்தவரின் கைக்குப் போய்விடும். விக்டோரியா அருங்காட்சியகம் அந்தக் கம்பனியின் பெரிய படத்தொகுப்பொன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிட்டத்தின் மேல்தான் பொறாமை வரும்.

உத்தரவாதம் கொடுத்து விற்கும் பழக்கத்துக்கும் இந்தக் கம்பனியின் வேருக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. 1902இல் ஒன்றுசேர்ந்து இன்டர்நஷனல் ஹார்வெஸ்டர் ஆன ஐந்து கம்பனிகளில் பெரியது மக்கோர்மிக்கின் அறுவடை இயந்திரக் கம்பனி. சைரஸ் மக்கோர்மிக் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தன் இயந்திரத்துக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்தவர். முதலில் 30 டொலர், மீதி அறுவடைக்குப் பிறகு. இயந்திரம் மணித்தியாலத்துக்கு ஒன்றரை ஏக்கர் வெட்டாவிட்டால் மீதியைத் தரத் தேவையில்லை. அந்த வாக்கைக் காப்பாற்ற ஊருக்கூர் முகவர் வேண்டியிருந்தது. இயந்திரத்தைப் பூட்டிக் காட்டவும், உடைந்ததை மாற்றவும், காசை அறவிடவும் ஒரே ஆள். இன்றைய விற்பனை முகவர் அந்த ஆளின் வழித்தோன்றல்தான்.

அதே கம்பனி நூறு வருடம் கழித்து அந்த வாக்கினாலேயே அடிபட்டது. 1958இல் அமெரிக்காவில் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு பார்மோல் 560 என்ற புதிய மாதிரியை வெளியிட்டது. எஞ்சினின் வலு கூடியது. ஆனால் அந்த வலுவைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகிற கடைசிப் பற்சக்கரத் தொகுதி, 1939இல் வந்த பார்மோல் எம் மாதிரிக்குச் செய்த அமைப்பிலேயே நின்றது. கடின உழவில் அது தாங்கவில்லை. விற்ற இயந்திரங்களை 1959இல் திருப்பி அழைத்தார்கள். பலப்படுத்திய பாகங்களைக் கம்பனி கொடுத்தது, கழற்றிப் பூட்டும் வேலை முகவர்களின் பட்டறைகளில் நடந்தது. பழுதை ஒளிக்காமல் தன் செலவில் திருத்தியதை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு புது இயந்திரம் பருவத்துக்குள் நின்றுபோனால் கமக்காரருக்குப் போன நாளை எந்தப் பாகமும் திருப்பித் தராது. 1960களின் முற்பகுதிக்குள் பண்ணை இயந்திர விற்பனையில் முதலிடம் ஜோன் டீயரிடம் போயிருந்தது.

பிறகு கம்பனியே அந்தப் பெயரில் இல்லாமற்போனது. 1980களின் தொடக்கத்தில் கடனில் மூழ்கியது. 1985இல் அதன் பண்ணை இயந்திரப் பிரிவு டெனகோவின் கையில் இருந்த கேஸ் கம்பனியோடு சேர்ந்தது. டண்டினொங் லொறித் தொழிற்சாலையை 1992இல் இவெக்கோ எடுத்துக்கொண்டது. சிவப்பு நிறமும் உதிரிப்பாக இலக்கங்களும் கேஸ் ஐஎச் என்ற பெயரில் தொடர்ந்தபடியால் பழைய இயந்திரக்காரர்கள் தப்பினார்கள். எல்லா இயந்திரக்காரருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. இறக்குமதியாளர் ஒருவர் கையை விட்டுவிட்டால் உத்தரவாதப் புத்தகம் வெறும் கடதாசி.

இனி என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. புது இயந்திரம் பெட்டியிலிருந்து இறங்கியதும் எண்ணெய், சில்லுக் காற்று, போல்ட் இறுக்கம் எல்லாம் பார்த்துக் கையெழுத்து வைக்கிறோம். வாங்கியவரின் பெயரில் தொடர் இலக்கத்தைப் பதிகிறோம். பெரும்பாலும் ஐம்பது மணித்தியாலத்தில் முதல் பராமரிப்பு. அதைத் தவறவிட்டால் பின்னர் வருகிற கோரிக்கையை மறுக்க உற்பத்தியாளருக்கு ஒரு கதவு திறந்துவிடும். பழுது வந்தால் மணிக்கூட்டு வாசிப்பு, படம், கணினி காட்டும் பிழை இலக்கம், மெக்கானிக் எழுதிய காரணம் எல்லாம் சேர்த்து அனுப்புகிறோம். கழற்றிய பாகத்தை எறியக்கூடாது. ஹைட்ரோலிக் பம்ப் என்றால் எண்ணெயை வடித்து, வாய்களுக்கு மூடி போட்டு, தொடர் இலக்கமும் திகதியும் கோரிக்கை இலக்கமும் எழுதிய அட்டையைக் கம்பியால் கட்டி இறாக்கையில் வைக்க வேண்டும். கேட்டால் அனுப்ப வேண்டும். கேட்காவிட்டால் குறித்த காலம் முடியும் வரை அது அங்கேயே கிடக்கும்.

வேலைக்கூலி, மெக்கானிக் உண்மையில் செலவழித்த நேரத்துக்குக் கிடைப்பதில்லை. இந்த வேலைக்கு இத்தனை மணித்தியாலம் என்று உற்பத்தியாளர் வைத்த அட்டவணைக்குத்தான் கிடைக்கும். துருப்பிடித்த போல்ட்டுக்கும் சேற்றில் புதைந்த சில்லுக்கும் அட்டவணையில் இடமில்லை. பண்ணைக்குப் போய்வரும் செலவைப் பல உத்தரவாதங்கள் சேர்ப்பதேயில்லை. ஆகவே ஒரே பழுதுக்கு முகவர் ஒரு பங்கைத் தாங்குகிறார், கமக்காரர் ஒரு பங்கைத் தாங்குகிறார். இயந்திரத்தைச் செய்தவர் பாகத்தையும் அட்டவணைக் கூலியையும் மட்டும் தருகிறார். இது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன்.

போன பருவத்தில் கிளைட் பக்கம் கீரையும் கத்தரியும் போடுகிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். அவரது இயந்திரத்தின் தூக்கி, கலப்பையை மேலே பிடித்து வைக்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, புதுசு எண்டுதானே வாங்கினனான். நான் ஏன் லொறிக் காசு கட்டவேணும்?"

"அண்ணை, பாகமும் கூலியும் அவையள் தருவினம். கொண்டுவாற செலவு புத்தகத்திலை இல்லை. ஆனாலும் எழுதிக் கேட்டுப் பாப்பம்."

உள்ளே ஒரு வால்வின் அடைப்பு வளையம் பூட்டும்போதே வெட்டுப்பட்டிருந்தது. தொழிற்சாலைப் பிழை என்பதில் சந்தேகமில்லை. வெட்டைக் கிட்டவைத்துப் படம் எடுத்து, வளையத்தை இன்னொரு புது வளையத்தின் பக்கத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன். பாகத்துக்கும் கூலிக்கும் உடனே ஒப்புக்கொண்டார்கள். லொறிச் செலவுக்கு இரண்டாம் முறை எழுதிய பிறகு பாதி வந்தது. மீதியை எங்கள் கடை போட்டது.

அவர் கேட்ட கேள்விக்கு அவுஸ்திரேலியச் சட்டம் மிக மெதுவாகத்தான் பதில் சொல்லி வந்திருக்கிறது. விக்டோரியாவின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில் வாங்கியவருக்கு விற்றவர் மட்டும்தான் பொறுப்பு, அதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி நீக்கிவிடலாம். 1974இன் வர்த்தக நடைமுறைச் சட்டம் அந்த வழியை அடைத்தது. 1978இல் உற்பத்தியாளரையும் பொறுப்பாளியாக்கினார்கள், ஆனால் வீட்டுப் பாவனைப் பொருள்களுக்கு மட்டும். குளிர்சாதனப் பெட்டி செய்தவர் அகப்பட்டார், உழவு இயந்திரம் செய்தவர் தப்பினார். 2011 ஜனவரி 1இல் வந்த அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம்தான் கமக்காரருக்கும் உற்பத்தியாளரை நேரே கேட்கும் உரிமையைக் கொடுத்தது. உற்பத்தியாளருக்கு இங்கே இடமில்லாவிட்டால் இறக்குமதியாளரே உற்பத்தியாளராகக் கருதப்படுவார். திருத்திய முகவர் தன் செலவை அவரிடம் மீளக் கேட்கலாம். எனக்கு இந்தக் கடைசிப் பிரிவு பெரிய பலம்.

ஆனால் ஒரு விலை எல்லை இருந்தது. 40,000 டொலருக்கு மேற்பட்ட பண்ணை இயந்திரத்துக்கு இந்தச் சட்டத்தின் உத்தரவாத உரிமைகள் பொருந்தவில்லை. 1986இல் வைத்த தொகை அது. இயந்திர விலை எத்தனையோ மடங்கு ஏறியும் 35 வருடமாக அப்படியே கிடந்தது. 2021 ஜூலை 1இல்தான் 100,000 ஆக்கினார்கள். நூறு குதிரைவலு இயந்திரங்கள் பல இன்றும் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

இந்தியாவில் இதே 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் வாங்குவதை வெளியே விட்டது. 1993இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: சுயதொழிலால் பிழைப்பதற்காகவே வாங்கியவர் நுகர்வோர்தான். விலையைப் பாராமல் பிழைப்பைப் பார்க்கிற அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கும். 1960இல் தொடங்கி சென்னை செம்பியத்தில் மசி பெர்குசன் இயந்திரங்களைச் செய்து வந்த டாஃபேயின் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் ஒரே ஓர் இயந்திரத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் வளர்ந்தது கிளிநொச்சியில், ஒரு மசி பெர்குசனோடு. 1990களில் பொருளாதாரத் தடை. டீசல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. முகவரும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. அப்பா ஒரு பழுதான இயந்திரத்தைக் கழற்றி இன்னொன்றை ஓடவைத்தார். ஊர்ப் பட்டறையில் புஷ்ஷைக் கடைந்து தந்தார்கள். அந்த நிலைமை எவருக்கும் வரக்கூடாது. ஆனால் ஒன்று: அந்த இயந்திரத்தை யாரும் திறக்கலாம், திறந்தால் விளங்கும். இங்கே நான் விற்கிற இயந்திரத்தில் ஒரு சென்சரை மாற்றினால், மடிகணினியைக் கொழுவி அதை ஏற்கச் சொல்ல வேண்டும். அந்த மென்பொருள் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம்தான் இருக்கும். கூ வீ ரப்பில் அஸ்பராகஸ் அறுவடை நடக்கிற கிழமைகளில் எங்கள் மெக்கானிக்குகள் எல்லாப் பக்கமும் ஓடுகிறார்கள். பக்கத்தில் இருக்கிற திறமையான பட்டறைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று வாங்கியவர் பயப்படுகிறார்.

2021 மே மாதம் அவுஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணையம் பண்ணை இயந்திரச் சந்தை பற்றிய அறிக்கையில் இதையே சொன்னது. வெளியாட்கள் திருத்துவதற்குத் தகவலும் கருவியும் கிடைப்பதில்லை, இயந்திரம் கைவிட்டால் வாங்கியவருக்குப் போக்கிடம் குறைவு என்றது. அதே வருடக் கடைசியில், திருத்தும் உரிமை பற்றிய உற்பத்தித்திறன் ஆணையத்தின் அறிக்கையும் வெளிவந்தது. 2022 ஜூலை 1இல், கார் திருத்தும் தகவலைச் சுயாதீனப் பட்டறைகளுக்கும் விற்க வேண்டும் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தபோது உழவு இயந்திரம் அதில் இல்லை. என் கார் நின்றால் தெருமுனைப் பட்டறையில் விடலாம். கிளைட் அண்ணையின் இயந்திரம் நின்றால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

கனடாவின் சஸ்காச்சுவான், மனிடோபா, அல்பர்ட்டா மாகாணங்களில் பண்ணை இயந்திரங்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. விற்றவர் உத்தரவாதத்துக்கு நிற்க வேண்டும், விற்ற பிறகும் பல வருடம் உதிரிப்பாகம் கிடைக்கச் செய்ய வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை விக்டோரியா கொண்டுவந்தால் முகவர்களான நாங்கள் நட்டப்படமாட்டோம். எங்கள் சங்கக் கூட்டங்களில் நான் இதைத்தான் கேட்டு வருகிறேன்: பண்ணைக்குப் போய்வரும் செலவை உற்பத்தியாளர் தர வேண்டும், கூலி அட்டவணை உண்மையான நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும், அறுவடைக் காலத்தில் இயந்திரம் நின்றால் மாற்று இயந்திரம் கொடுக்க வேண்டும். சில முகவர்கள் இப்போதே தங்கள் காட்சியறை இயந்திரத்தைக் கடனாகக் கொடுக்கிறார்கள். அந்தச் செலவு இயந்திரத்தைச் செய்தவரின் கணக்கில் ஏற வேண்டும்.