திணறும் வாளும் ஒரு ரப்பர் சவ்வும்

பழைய மரமறுக்கும் மிஷின் வாங்கியவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஸ்டார்ட் ஆகுது, ஐடிலிங் நிக்குது, ஆக்சிலேட்டரை அமுக்கினா அப்படியே அமுங்கி ஆஃப் ஆயிடுது." உடனே கை கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்குப் போகும். பல எஞ்சின்கள் சாவது அங்கேதான். அந்த ஸ்க்ரூவின் கதை தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும்.

ஜெர்மனியில் எமில் லெர்ப் 1927இல் டோல்மார் மலையில் தன் பெட்ரோல் வாளை ஓட்டிப் பார்த்தார். ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1929இல் தன்னுடையதைக் கொண்டுவந்தார். இரண்டையும் பிடிக்க ரெண்டு ஆள் வேண்டும். எடை ஒரு பிரச்சினை, கார்புரேட்டர் இன்னொன்று. அன்றைய கார்புரேட்டரில், நம்ம பழைய பைக்கில் இருப்பது போல, ஒரு கிண்ணமும் மிதவையும் இருந்தன. எஞ்சினைச் சாய்த்தால் பெட்ரோல் மட்டம் கெட்டு எஞ்சின் நின்றுவிடும். அதனால் எஞ்சினை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, செயின் ஓடும் பாரை மட்டும் திருப்புவது போல வாள்களைச் செய்தார்கள்.

1949இல் அமெரிக்காவில் மக்கல்லக் 3-25 வந்தது. எடை 25 பவுண்டு, கிட்டத்தட்ட 11 கிலோ. ஒரே ஆள் தூக்கலாம். ஒரே ஆள் தூக்கினால் பக்கவாட்டில், தலைகீழாக, எப்படியும் பிடிப்பான். அதற்கு மிதவை ஆகாது. டில்லட்சன் போன்ற கம்பெனிகளின் சவ்வு கார்புரேட்டர்கள் 1950களில் பரவியது இதனால்தான்.

அதன் வேலை எளிமையானது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸில் அழுத்தம் மாறுகிறது. அந்தத் துடிப்பே ஒரு சவ்வை ஆட்டி டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். இன்னொரு சவ்வு, எஞ்சின் உறிஞ்சும் அளவுக்கு ஏற்ப ஊசியைத் திறந்து மூடும். எப்படிச் சாய்த்தாலும் ஓடும். ஆனால் கிண்ணத்தின் இருப்பு போய்விட்டது. ஆக்சிலேட்டரைச் சட்டென அமுக்கினால் காற்று உடனே பாயும், பெட்ரோல் கொஞ்சம் பிந்தும். அந்த இடைவெளிதான் திணறல். அதை நிரப்பத்தான் 'எல்' ஸ்க்ரூ. முழு வேகத்துக்கு 'எச்'.

சிக்கல் என்னன்னா, பழைய மிஷினில் அந்த இடைவெளி ஸ்க்ரூவால் மட்டும் பெரிதாவதில்லை. சவ்வு விறைத்திருக்கும், எத்தனால் கலந்த பெட்ரோலைப் போட்டு மாசக்கணக்கில் சும்மா வைத்திருந்தால் இன்னும் மோசம். பெட்ரோல் ட்யூப் வெடித்திருக்கும், டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கும், சைலன்சர் வலையில் கரி படிந்திருக்கும். கிராங்க் சீல் தேய்ந்து வெளிக்காற்றும் உள்ளே வரலாம். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் நிற்பதும், சாய்க்கும்போது ஐடிலிங் மாறுவதும் காற்றுக் கசிவின் அறிகுறிகள். அதைச் சரிசெய்யாமல் ஸ்க்ரூவைத் திருகுவது நோயை மறைப்பதுதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயிலே பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சீஸ் ஆகும்.

ஆகவே வரிசை இது: புது பெட்ரோல், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ட்யூப், சைலன்சர் வலை, சவ்வு, கசிவு. இத்தனையும் சரி என்றால், எஞ்சின் சூடான பிறகு 'எல்'லைத் திருகி ஐடிலிங் உச்சத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் இடப்பக்கம் திறக்க வேண்டும். அமுக்கினால் தயங்காமல் ஏறணும். செயின் சுற்றாத அளவுக்கு ஐடிலிங்கைக் குறைக்கணும். 'எச்'சைப் பொறுத்தவரை, சும்மா முழு வேகத்தில் லேசாகப் படபடத்து, மரத்தில் வைத்ததும் அந்தப் படபடப்பு அடங்கினால் சரி. வேகமானி இருந்தால் கம்பெனி சொன்ன உச்ச வேகத்தைத் தாண்டவிடாதீர்கள்.

இன்றைய விலையுயர்ந்த மிஷின்கள் சிலவற்றில் இந்த ஸ்க்ரூக்களே இல்லை. மின்னணுக் கருவி பெட்ரோலைத் தானே அளக்கிறது. உங்கள் கையில் இருப்பது பழசு என்றால், முதலில் சவ்வு கிட் வாங்குங்கள். பிஸ்டனும் சிலிண்டரும் வாங்குவதைவிட அது ரொம்ப மலிவு.