வெற்றிமாறனின் திரைக்கதைகளும் இலக்கிய மூலங்களும்

வெற்றிமாறன் சொந்தக் கதைகளோடு திரையுலகில் நுழைந்து, பிறர் எழுதிய கதைகளை விரித்தெழுதும் திரைக்கதை முறைக்கு வந்து சேர்ந்த இயக்குநர். 1975இல் கடலூரில் பிறந்த இவர் வளர்ந்தது ராணிப்பேட்டையில். ஆம்பூர், வாணியம்பாடியைப் போலப் பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஊர் அது. தந்தை சித்திரவேல் கால்நடை அறிவியலாளர். தாய் மேகலா சித்திரவேல் நாவலாசிரியர். சென்னை லயோலா கல்லூரியில் ஆங்கில இலக்கிய முதுகலைப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இயக்குநர் பாலு மகேந்திராவிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அந்தப் பட்டறையே இவரது பிற்கால எழுத்துமுறையின் வேர். சிறுகதைகளைச் சின்னத்திரைக்குக் கொண்டுவந்த பாலு மகேந்திராவின் 'கதை நேரம்' தொடருக்காகக் கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருவது வெற்றிமாறனின் வேலைகளுள் ஒன்று. கதையில் காட்சியாக மாறக்கூடியது எது, விவரிப்பாகவே நின்றுவிடுவது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கே படிந்தது எனலாம்.

முதல் படமான 'பொல்லாதவன்' (2007) திருட்டுப்போன மோட்டார் சைக்கிளைத் தேடும் இளைஞனின் கதை. மதுரைச் சேவல் சண்டைக் களத்தில் அமைந்த 'ஆடுகளம்' (2011) சிறந்த இயக்கம், சிறந்த திரைக்கதை உட்பட ஆறு தேசிய விருதுகளைப் பெற்றது. சேவல் சண்டை ஆசான் பேட்டைக்காரனாக ஈழக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் நடித்தார்.

திருப்பம் 'விசாரணை'யில் நேர்ந்தது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூர் காவல் நிலையத்தில் தாம் பட்ட சித்திரவதையை 'லாக்கப்' நாவலாக எழுதியிருந்தார். படத்தின் முற்பாதி அதையொட்டிச் செல்கிறது. பிற்பாதியை வெற்றிமாறனே எழுதிச் சேர்த்தார். தப்பிப் பிழைத்தவர்கள் சென்னையில் வேறொரு காவல் மரணத்துக்குச் சாட்சிகளாகிவிடுவதால், ஒரு நிலையத்தின் கொடுமையாகத் தொடங்கியது காவல் அமைப்பின் இயல்பாக விரிகிறது. 2015 வெனிஸ் விழாவில் திரையிடப்பட்ட இப்படம், பின்னர் ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் பரிந்துரையாகவும் சென்றது.

பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து வந்த 'அசுரன்' (2019) இன்னும் துணிச்சலான மாற்றம். கொலை செய்துவிட்டுத் தந்தையோடு காட்டில் ஒளியும் சிறுவன் சிதம்பரமே நாவலின் மையம். படமோ தந்தை சிவசாமியை மையமாக்கி, தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் பறிபோன முன்கதையைச் சேர்த்தது. அதில் செருப்பு அணிந்து நடந்ததற்காக, சிவசாமி மணக்கவிருந்த மாரியம்மாள் அவமானப்படுத்தப்படும் காட்சி, நாவலின் கோபத்தை ஒரு பெண்ணின் காலடிக்குக் கொண்டுவருகிறது. காலணித் தொழிலை நம்பி வாழும் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் அக்காட்சிக்குத் தனிக் கனம் உண்டு. அதே சமயம், சிறுவனின் கண்வழியே நாவல் காட்டிய காடும் பசியும் படத்தில் பின்னுக்குப் போயின. அது உண்மையான இழப்பு.

சிறுகதையை முழுநீளப் படமாக்குவதில் கொரிய இயக்குநர் லீ சாங்-டாங் நல்ல ஒப்பீடு. நாவலாசிரியராக இருந்து இயக்குநரான அவர், ஹாருகி முரகாமியின் சிறுகதையை 'பர்னிங்' (2018) ஆக்கியபோது மூலத்தின் மௌனங்களை அப்படியே காத்தார். ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையை எடுத்த வெற்றிமாறன், மௌனங்களை வரலாற்றால் நிரப்பி 'விடுதலை'யின் இரு பாகங்களாக்கினார் (2023, 2024). முதல் பாகத்தில் காவல் வாகன ஓட்டுநர் குமரேசனின் தடுமாற்றமே கதையைச் சுமக்கிறது. சூரியின் நடிப்பு அதற்குத் துணை. இரண்டாம் பாகம், காவல்துறை தேடும் போராளித் தலைவர் பெருமாள் வாத்தியாரின் கடந்த காலத்துக்குள் செல்கிறது. அங்கே அரசியல் உரையாடல்கள் காட்சிகளை முந்திக்கொள்கின்றன.