ரயில் இன்னும் போகுது, நிற்கிறதுதான் இல்லை

அமெரிக்காவின் நடுவில் நெப்ராஸ்கான்னு ஒரு மாநிலம். சோளமும் மாடும்தான் அங்கே பிழைப்பு. லிங்கன் நகரத்திலிருந்து மேற்கே போகிற ரயில் பாதையில் ஊர்ப் பெயர்களைப் படிச்சுப் பாருங்க: கிரீட், டார்செஸ்டர், எக்ஸிடர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லேண்ட், ஜூனியாட்டா, கெனசா. ஆங்கில எழுத்து வரிசையில் சி-யிலிருந்து கே வரைக்கும்! இடையில் வேறு சில ஊர்களும் உண்டு, அவை இந்த வரிசையில் சேராது. 1870களின் தொடக்கத்தில் பர்லிங்டன் ரயில் கம்பெனி தண்டவாளம் போட்டுக்கொண்டே போனபோது வைத்த பெயர்கள் இவை. ஊர் இருந்த இடத்துக்கு ரயில் வரலை. ரயில் வந்ததால்தான் ஊரே வந்தது.

ஊர்களை இத்தனை நெருக்கமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி தண்ணீர் பிடிக்கணும். விவசாயி குதிரை வண்டியில் தானியம் ஏற்றி வந்து, விற்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பணும். ஸ்டேஷனும் தானியக் கிடங்கும் அந்தக் கணக்கில் அமைந்தவை.

1950 வாக்கில் குதிரை வண்டி போய் காரும் லாரியும் வந்தாச்சு. ஆனாலும் ஊரின் நாள் ஸ்டேஷனைச் சுற்றித்தான் நடந்தது. தந்தி அங்கே வரும். தபாலில் ஆர்டர் கொடுத்த துணிமணி வரும். பெட்டிகளில் கீச்சு கீச்சுன்னு கத்திக்கொண்டு ஒரு நாள் வயசுக் கோழிக்குஞ்சுகூட வரும். நிற்காத ரயிலுக்கும் வழி வைத்திருந்தார்கள். தபால் பையைப் பாதையோரக் கம்பத்தில் தொங்கவிட்டால், ஓடுகிற ரயில்பெட்டியிலிருந்து ஒரு கொக்கி அதைப் பறித்துக்கொண்டு போகும். சனிக்கிழமை ராத்திரி சுற்றுப்பட்டு விவசாயக் குடும்பமெல்லாம் ஊருக்குள் வரும், கடைகள் நேரம் கழித்துத்தான் மூடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் கிரீம் கேன். நாலைந்து மாடு வைத்திருக்கும் வீட்டில் பாலைக் கையால் சுற்றும் மிஷினில் விட்டு ஆடையைப் பிரிப்பார்கள். கொழுப்பு எடுத்த பால் பன்றிக்கும் கன்றுக்கும் போகும். ஆடை, தகரக் கேனில் ஊருக்குப் போகும். பத்து காலன் கேன் என்றால் நம்ம கணக்கில் 38 லிட்டர். அங்கிருந்து ரயிலேறி வெண்ணெய் ஆலைக்குப் போய், காலிக் கேன் திரும்பி வரும். நம்ம பால் சொசைட்டி மாதிரியே கொழுப்பு பார்த்துத்தான் காசு. இந்த வரிசையில் வரும் ஃபேர்மான்டில் 1884ல் தொடங்கிய கிரீம் கம்பெனி, பிற்பாடு ஒமாஹா நகரத்துக்குப் போய் நாடறிந்த பால் கம்பெனியாக வளர்ந்தது.

கோதுமைக் காசு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் பாங்க் கடனுக்குப் போயிடும். கிரீமும் முட்டையும் விற்ற காசு வாராவாரம் வரும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள் கையில்தான் இருந்தது. சர்க்கரை, காபி, பிள்ளைகளின் செருப்பு எல்லாம் அதிலிருந்துதான்.

அப்புறம் டீசல் எஞ்சின் வந்தது. அதற்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டாம். 1950கள் முடிவதற்குள் நீராவி எஞ்சின் அமெரிக்காவில் கிட்டத்தட்ட ஒழிந்தது. பால் எடுக்க டேங்கர் லாரி வந்தது. குளிர்பதனத் தொட்டி வைக்க வசதியுள்ள பெரிய பண்ணைக்குத்தான் அது கட்டுபடியாகும். நாலு மாட்டுக்காரர் மாட்டை விற்றார், பெண்களின் வாரக்காசும் அதோடு போச்சு. 1956ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. பிறகு போட்ட 80-ஆம் எண் பெருஞ்சாலை இந்த ஊர்களைத் தொடாமல் வடக்கே சில மைல் தள்ளிப் போனது. 1967ல் ரயில் தபால் பெட்டிகளில் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோட எதுவும் செய்யலை. ஒவ்வொரு மாற்றமும் யாரோ ஒருத்தருக்கு லாபம், யாரோ ஒருத்தருக்கு நேரம் மிச்சம். ரயிலும் போய்விடலை. சிகாகோவிலிருந்து கலிபோர்னியா போகிற ஜெஃபிர் ரயில் இன்றைக்கும் ராத்திரியில் இதே பாதையில்தான் ஓடுகிறது. லிங்கனில் நிற்கும், ஹேஸ்டிங்ஸில் நிற்கும். நடுவில் இருக்கும் ஊர்களுக்கு விளக்கு வெளிச்சமும் சத்தமும் மட்டும்தான்.

புது ரோடு, புது ரயில் என்று செய்தி வந்தால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்னுதான் நகரத்து நண்பர்கள் கேட்கிறீங்க. அது நியாயம்தான். பால் கேனைத் தூக்கிக்கிட்டு ரோட்டோரம் நிற்கிற எனக்கு, அது எங்கெங்கே நிற்கும்னு முதலில் தெரியணும்.