துடைப்பத்தைப் பார்த்தாலே நடுங்கும் நாய்... அடி வாங்கியதுதான் காரணமா? தத்தெடுத்தவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

தெருவில் இருந்தோ காப்பகத்தில் இருந்தோ ஒரு நாயைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டு வர்றீங்க. துடைப்பத்தைக் கையில் எடுத்ததும் அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. "பாவம், யாரோ நல்லா அடிச்சிருக்காங்க" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அதுதான் காரணமா?

அடி மட்டும்தான் காரணமா?

இருக்கலாம். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. பிறந்த 3-வது வாரம் முதல் சுமார் 12-14 வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தோடு பழகும் காலம். அப்போது பார்க்காத, கேட்காத விஷயங்கள் பிற்காலத்தில் பயத்தை உண்டாக்கலாம். ஆண்களைக் கண்டு ஒதுங்கும் நாயை ஓர் ஆண்தான் அடித்திருக்க வேண்டும் என்பதில்லை. குட்டியாக இருந்தபோது ஆண்களோடு பழகாமலே வளர்ந்திருக்கலாம். தெருவில் வளர்ந்த நாய்க்கு மிக்ஸி சத்தமும் வழுக்கும் டைல்ஸ் தரையும் ரொம்பவே புதுசு.

சாப்பாட்டுத் தட்டு அருகே போனால் உறுமுவதும் இப்படித்தான். பட்டினி கிடந்த நாய் மட்டுமல்ல, வயிறார வளர்ந்த நாயும் உறுமும்.

உடம்பு சொல்லும் தகவல்கள்

நடத்தையை விட உடம்பு சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லும். காதில் 'வி' வடிவ வெட்டு இருந்தால், பெரும்பாலும் கருத்தடை செய்யப்பட்ட தெருநாய். நிரந்தரப் பற்கள் முழுவதும் முளைத்திருந்தால் வயது சுமார் 6-7 மாதத்தைத் தாண்டியிருக்கும். கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்திருந்தால், முன்பு யாரோ பெல்ட் கட்டி வளர்த்திருக்கலாம்.

நீங்க என்ன செய்யணும்?

* முதல் சில நாட்கள் அமைதியான ஒரு மூலை கொடுங்க. பயம் தெளிந்து அதன் உண்மையான குணம் தெரிய வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகலாம்.
* துடைப்பத்தைத் தூரத்தில் கீழே வைத்துவிட்டு, நாய்க்குப் பிடித்த தீனியைக் கொடுங்க. அது பதறாமல் இருந்தால், நாளுக்கு நாள் தூரத்தைக் கொஞ்சமாகக் குறைக்கலாம்.
* சாப்பிடும்போது தட்டைப் பிடுங்காதீங்க. குழந்தைகளையும் அருகில் விடாதீங்க.
* உறுமினால் அடிக்காதீங்க. உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கலாம்.
* சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் வலி காரணமாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க.
* கடித்துவிட்டால் காயத்தை 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்க. தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

"அடி வாங்கின நாய், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டால் அதன் பயம் அப்படியே நிலைத்துவிடும். அதற்கு நேற்று என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாமலே போகலாம். இன்று எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்பது கண்முன்னே தெரிகிறது. சிகிச்சையை அங்கிருந்தே தொடங்கலாம்.